பூரணைக்கு மற்ற நாள்

வாங்க, வாங்க. ரஞ்சன் அண்ணன் அனுப்பிச்ச ஆளுதானுங்களே? உக்காருங்க. அந்த நாற்காலி ஆடுது, இதுல உக்காருங்க. டீ சொல்றனுங்க. வேண்டாமுங்களா? நான் சொல்லி வெக்கறேன், வர்ற வரைக்கும் பேசிட்டிருக்கலாம். இந்த ஓட்டல்ல டீ சொன்னா, பையன் தேயிலை பறிக்கவே போயிட்டானோன்னு தோணற அளவுக்கு நேரமாவுதுங்க.

என்ற ஊட்டுக்காரியைக் காணோமுங்க. காலைல நான் குளிக்கப் போனேன், வந்து பாத்தா ரூம்ல ஆளில்லை. காணோம்னா தொலைஞ்சு போயிட்டான்னு இல்லீங்க. எங்கே போயிருக்கான்னு எனக்குத் தெரியும். வரமாட்டேங்கறா, அதுதான் கெரகம். பொழுதோட கொழும்புக்கு வண்டி, விடிஞ்சா ப்ளைட்டு. அதுக்குள்ளார எப்படியாச்சும் சமாதானம் பண்ணிக் கூட்டியாரணும். அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "நீங்க ஒண்டும் யோசிக்காதீங்க, ரூமிலயே இருங்க, ஆள் அனுப்புறன்"னாரு. பாருங்க, ஒரே ஒரு நாள் பழக்கம். எங்கூர்ல பங்காளிகூட இப்படி ஓடியார மாட்டான்.

மொதல்ல இருந்து சொல்லணுங்களா? சொல்றனுங்க. பேசறதுக்கு என்ன காசா பணமா. என்ற பேரு சென்னியப்பன். திருப்பூர்ல பனியன் கம்பெனிகளுக்கு அட்டைப்பெட்டி பண்ணிக் குடுக்கறோம். அவ பேரு சுகிர்தா. எழுதிக்கறீங்களா? எழுதிக்குங்க.

அவ இந்த ஊர்லயே பொறந்தவளுங்க. பத்து வயசுல அம்மாகூட திருச்சிக்கு வந்துட்டா. நான் பெட்டி எறக்க திருச்சிக்குப் போன எடத்துல பாத்து, புடிச்சுப்போயி, கட்டுனா இவளைத்தான் கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னு கட்டிக்கிட்டேன். எங்க வகையறாவுல ரொம்ப நாளைக்கு எவனும் என்கிட்டப் பேசலை. பேசாட்டிப் போறான். அவளை மாதிரி ஒருத்தி எனக்குக் கெடைச்சிருக்க மாட்டாளுங்க. மூஞ்சிக்கு முன்னால சொல்ல மாட்டேன், உங்ககிட்டச் சொல்றேன்.

ஆனா இந்த ஊரைப் பத்தி வாயே தொறக்க மாட்டா. தெரிஞ்சதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான். அவளுக்கு ஒரு அண்ணன், நிமலன்னு பேரு. மீசை அரும்பற வயசு. மிலிட்டரிக்காரங்க வந்து தெருவுல இருக்கற பையனுகளை எல்லாம் வரிசையா நிக்க வெச்சாங்களாம். ஜீப்புக்குள்ளார ஒருத்தன் தலையில சாக்கை மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தானாம், கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை. ஒவ்வொருத்தனா முன்னால கொண்டு போயி நிறுத்த, அவன் தலையாட்டுனா ஆளை ஏத்திருவாங்க. தலையாட்டின்னே அவனுக்குப் பேராமா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நிமலனுக்குத் தலையாட்டிட்டான். விசாரிச்சிட்டு விட்டுர்றோம்னாங்களாம். அவ்வளவுதான். உசுரோட இருக்கானா இல்லையா, இன்னைக்கு வரைக்கும் தகவல் இல்லை.

என்ற மாமியாரு இன்னும் திதி குடுக்கலீங்க. நாளு தெரிஞ்சாத்தானே திதி? நாளே தெரியலைன்னா அமாவாசையில குடுத்தரலாம்னு அய்யரு சொன்னாரு. அந்தம்மா கேக்கலை. "நாள் தெரியாட்டி எண்ட பிள்ளை சாகேல்ல"ன்னு ஒரே புடி. வருசத்துக்கு ஒரு சட்டை எடுத்து வெக்கும், பொங்கலுக்கு. அந்தம்மா பீரோவைத் தொறந்தா எனக்கு ஒரு மாதிரி ஆயிரும். வெறும் சட்டை.

நான்தானுங்க இவளைக் கூட்டியாந்தது. கோணேசர் கோயிலு, பாடல் பெற்ற தலம், பாக்காமச் செத்தா நெஞ்சு வேகாதுன்னு எனக்கு ஒரு ஆசை. சண்டையெல்லாம் முடிஞ்சு எத்தனை வருசமாச்சு, இன்னும் என்ன பயம்னு தெனமும் நச்சரிச்சேன். கடைசியில சரின்னா. ஆனா ஒரு கண்டிசன் போட்டா. அவ இந்த ஊர்க்காரின்னு ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாது. மக மேல சத்தியம் வாங்கிக்கிட்டா. நானும் பண்ணிக் குடுத்தேன்.

நேத்துக் காலைல கோட்டை வாசல்ல எறங்குனமுங்க. எங்கூர்ல ஆடு திரியற மாதிரி அங்கே மான் திரியுது. ஒரு மானுக்கு வாழப்பழம் நீட்டிட்டு நிக்கறேன், பக்கத்துக் கடையில நின்னுட்டிருந்த ஒரு மனுசன், "இந்தியாவோ?"ன்னாரு. வெள்ளைச் சட்டை, நரைச்ச மீசை, அறுபதுக்கு மேல இருக்கும். எந்த இடம், என்ன தொழில், எத்தனை பிள்ளையள்னு அன்பா விசாரிச்சாரு. அதுதானுங்க ரஞ்சன் அண்ணன்.

நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். எங்க பக்கம் புது மனுசனைக் கண்டா எந்த ஊரு, யாரு ஊடு, எந்த வகைன்னு கேப்பாங்க. கேட்டா முழுசாச் சொல்லோணும். பாதி சொல்லி பாதி மறைச்சா திருட்டுப்பயன்னு நினைச்சுக்குவாங்க. எனக்கு அது ரத்தத்துல ஊறிப்போனது. அவரு அத்தனை கேக்கறாரு, நான் கல்லு மாதிரி நிக்க முடியுங்களா? "நமக்கும் இந்த ஊரு சொந்தந்தானுங்க, அம்மிணி இங்கே பொறந்தவதான், உப்புவெளி, இவங்கப்பா தபாலாபீசுல இருந்தாரு, கனகசபாபதி"ன்னு சொல்லிட்டேன். சொல்லி முடிக்கல, அவ என்ற முழங்கையைப் புடிச்சா பாருங்க. நகம் பதிஞ்சிருக்குது, இந்தா.

அண்ணன் மூஞ்சி அப்படியே மலர்ந்துச்சு. "தபால்கந்தோர் கனகசபாபதி ஐயாட மகளோ? அப்ப நீங்க நிமலன்ட தங்கச்சி!"ன்னாரு.

நான் நிமலன் பேரையே எடுக்கலீங்க! அவராச் சொன்னாரு. எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இத்தனை வருசம் கழிச்சு ஒரு பையன் பேரை ஞாபகம் வெச்சிருக்கறாருன்னா எப்பேர்ப்பட்ட மனுசன்! இவ என்னடான்னா ஒரு வணக்கம்கூட வெக்காம மானைப் பாத்துட்டு நிக்கறா. எனக்கு மானம் போச்சு.

"வேன் இருக்கு, வாங்க, நான் ஊரைக் காட்டுறன்"னாரு. இவ வேண்டாம்னா. சத்தமாச் சொல்லலை, உதட்டை மட்டும் அசைச்சா. நான் பாக்காத மாதிரி ஏறி உக்காந்துட்டேன். ஓசியில வண்டி, ஊரு தெரிஞ்ச மனுசன், இதைவிட்டா வேற என்ன வேணும்னு எனக்கு.

வழியெல்லாம் பேச்சுத்தான். எங்கே தங்கியிருக்கறீங்க, எப்போ திரும்பறீங்க, அம்மா இருக்கறாங்களா, திருச்சியில எந்தப் பக்கம்? எல்லாஞ் சொன்னேன். மாமியாரு போட்டோவைக்கூடக் காட்டுனேன். மகன் வருவான்னு இன்னும் சட்டை எடுத்து வெக்குதுங்கன்னு சொன்னேன். அண்ணன் அந்தப் போட்டோவை ரெண்டு விரல்ல பெருசு பண்ணி ரொம்ப நேரம் பாத்தாரு. "மெலிஞ்சு போனா"ன்னாரு. பின் சீட்ல இவ ஜன்னலோட ஒட்டிக்கிட்டு உக்காந்திருந்தா.

கோயில்ல நல்ல தரிசனமுங்க. வெளியே வந்து, இராவணன் வெட்டுன்னு சொல்றாங்களே, அந்தப் பாறைப் பொளவுகிட்ட நின்னம். கீழே பாத்தா கடலு. எனக்குத் தலை கிறுகிறுன்னுச்சு. அண்ணன் இவளுக்குப் பக்கத்துல வந்து நின்னு, "இந்த இடத்தில கடல் சரியான ஆழம். போட்டா ஒண்டும் கரைக்கு வராது"ன்னாரு. எங்கூரு நொய்யல்ல கணுக்கால் நனையத் தண்ணி இல்லீங்கன்னு நான் சொன்னேன். நல்லாச் சிரிச்சாரு. எதுக்கும் சிரிக்கற மனுசன். இவ கம்பியைப் புடிச்ச கையை எடுக்கவே இல்லை, நான்தான் ஒவ்வொரு வெரலாப் பிரிச்சுவிட்டேன்.

அங்கேதான் போட்டோ எடுத்தது. அவரு வேண்டாம், வேண்டாம்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாரு. சில பேருக்குக் கூச்சமுங்க. நான் உடுவனா? அவரு பூக்காரிகிட்டப் பேசிட்டு இருக்கறப்போ பக்கத்துல போயி, டக்குன்னு மூணு பேரும் விழுகற மாதிரி எடுத்துட்டேன். தெளிவா விழுந்திருக்குது. "அழியுங்க தம்பி"ன்னாரு. அழிச்சிட்டேன்னு சொல்லி வெச்சேன். அழிக்கலை. நல்ல மனுசன் போட்டோ, எதுக்கு அழிக்கணும்?

மத்தியானம் சாப்பாடும் அவரு செலவுதான். எனக்கு சைவம் சொன்னாரு. இவளுக்கு மீன் கொழம்பு. மீன்ல நடுத்துண்டா எடுத்து இவ தட்டுல வெச்சு, "சாப்பிடுங்க தங்கச்சி, அண்ணன் தாறன்"னாரு. இவ தட்டைத் தள்ளி வெச்சுட்டு எந்திரிச்சுப் போயி வாந்தி எடுத்தா. வெயிலுங்கன்னு நான் சமாளிச்சேன். எத்தனையைத்தான் சமாளிக்கறது?

அப்பறந்தான் கன்னியாவுக்குப் போனம், வெந்நீர் ஊத்துக்கு. ஏழு கெணறு, ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு சூடு. ஆச்சரியந்தானுங்க. எங்க கம்பெனி பாய்லர்லகூட அப்படிக் கணக்கா வராது. செத்தவங்களுக்குக் காரியம் பண்றதுக்கும் அங்கே வருவாங்களாமே? நேத்தும் ஒரு குடும்பம் வந்திருந்துச்சு. அய்யரு மந்திரம் சொல்லிட்டிருந்தாரு. ஒரு பையன் மொட்டை அடிச்சு, ஈரவேட்டியோட உக்காந்திருந்தான்.

இவ அவனையே பாத்துட்டு நின்னா. அண்ணன் பக்கத்துல வந்தாரு. ரொம்பப் பதமாச் சொன்னாரு. அதை நான் சொல்லியே ஆகணும், கோவமோ மெரட்டலோ ஒண்ணும் இல்லை. "தங்கச்சி, அம்மாக்கு வயசு போயிட்டுது. இனிக் காத்திருந்து என்ன? இஞ்சயே நிமலனுக்கு ஒரு காரியம் செய்துபோட்டுப் போங்க. ஐயர் எனக்குத் தெரிஞ்சவர்தான்"ன்னாரு.

எனக்கு அது நல்ல யோசனையாப் பட்டுச்சுங்க. அதுக்குத் திதி தெரியணுமேங்கண்ணான்னு நான்தான் கேட்டேன்.

அவரு அந்தக் கெணத்துத் தண்ணியில வெரலை உட்டுச் சூடு பாத்துட்டே சொன்னாரு. "ஆவணிப் பூரணைக்கு மற்ற நாள். பிரதமை. விடியப்புறம்."

பொசுக்குன்னு சொல்லிட்டாரு! இத்தனை வருசமா அந்தக் கெழவி எந்தத் தெய்வத்தைக் கேக்கலை, எந்த ஜோசியன் ஊட்டு வாசல்ல நிக்கலை? எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சுங்க. அவரு கையைப் புடிச்சுக்கிட்டேன். ஊருக்குப் போனதும் மாமியாருகிட்டச் சொல்லி மொதல் திதியை ஜாம்ஜாம்னு குடுத்தரலாம், அந்தப் பீரோவைக் காலி பண்ணிரலாம்னு மனசுக்குள்ளார கணக்குப் போடறேன்.

அப்போத்தான் இவ வாயைத் தொறந்தா. காலைல இருந்து அதுதான் மொதப் பேச்சு. இருவது வருசமா என்கூட எங்கூருப் பேச்சுப் பேசுனவ, அந்த எடத்துல சுத்தமா மாறிட்டா.

"அவர் செத்தது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"சனம் கதைச்சது தங்கச்சி."

"எந்தச் சனம்?"

"அப்ப இருந்த சனம்."

"அப்ப இருந்த சனத்தில ஒருத்தருக்கும் தெரியாது. எங்கட அம்மா ஒவ்வொரு வீட்டுப் படியா ஏறிக் கேட்டவ. விடியப்புறம் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

அண்ணன் வெரலை எடுத்து வேட்டியில தொடைச்சாரு. சிரிப்பு மட்டும் போகலை. என்னைப் பாத்து, "மனுசிக்கு வெயில் ஒத்துக்கொள்ளேல்ல போல, வாங்க போவம்"னாரு. எனக்கு அவமானமுங்க. சோறு போட்டு ஊரு காட்டுன மனுசனைப் போலீசு மாதிரி கேள்வி கேட்டா எப்படி இருக்கும்?

ஓட்டல்ல எறக்கிவிட்டுட்டு என்னை மட்டும் தனியாக் கூப்பிட்டாரு. "தம்பி, இஞ்ச இப்ப எல்லாரும் நிம்மதியா இருக்கிறம். பழசைக் கிண்டினா ஆருக்கும் நல்லதில்லை. மனுசியைக் கவனமாப் பாத்துக்கொள்ளுங்க"ன்னாரு. சிகரெட்டு அட்டையில அவரு நம்பரையும் எழுதிக் குடுத்தாரு, ஏதாச்சும்னா உடனே கூப்பிடச் சொல்லி. அத்தனை அக்கறை.

ரூமுக்கு வந்தா இவ கட்டிலு ஓரத்துல உக்காந்திருக்கறா. "அவன்தான்"ங்கறா. எவன்னு கேட்டேன். "ஜீப்புக்குள்ள இருந்தவன்"ங்கறா. நான் சிரிச்சிட்டேன். அடி கிறுக்கி, அவன் சாக்கை மாட்டியிருந்தான்னு நீதானே சொன்னே, மூஞ்சியைப் பாத்தியான்னு கேட்டேன். "முகம் பாக்கேல்ல. ஆனா எங்கட அம்மாக்குத் தெரியாத நாள் அவனுக்குத் தெரியுது. கொன்றவனுக்குத்தான் நாள் தெரியும்"னா.

இப்படிப் பேசுனா என்னுங்க பண்றது? கோர்ட்டுல நிக்குமா இது? யாரோ சொல்லிக் கேட்டிருப்பாருன்னு எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். அழுகவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. என் தலையைத் தடவிக் குடுத்து, "நீங்க நல்லவர்ப்பா. அதுதான் எனக்குப் பயம்"னா. இதுக்கு என்ன அர்த்தம்? நல்லவனா இருக்கறது ஒரு குத்தமுங்களா?

காலைல நான் சோப்புத் தேய்ச்சிட்டு இருக்கறப்போ கதவுக்கு வெளியே நின்னு பேசுனா. இந்த ஊர்ல பிள்ளைகளைப் பறிகுடுத்த அம்மாமாருங்க போட்டோவை மடியில வெச்சுக்கிட்டுத் தெருவுல உக்காந்திருக்கறாங்களாம். அவங்ககிட்டப் போறாளாம். நேத்து எடுத்த போட்டோவைக் காட்டி, இந்த ஆளு என்ன பேருல இங்கே இருக்கறான்னு கேக்கறாளாம். அப்பறம் கொழும்புல யாரோ வக்கீலாம். ப்ளைட்டுக்கு நீங்க மட்டும் போங்கன்னா. நான் துண்டைக் கட்டிட்டு வெளியே ஓடியாரேன், ஆளும் இல்லை, என்ற போனும் இல்லை. போட்டோ அதுலதானே இருக்குது. அப்பறம் கீழே ஓட்டல் போன்லதான் அண்ணனைக் கூப்பிட்டேன். இந்த மாதிரி இவ உங்களைத் தப்பா நினைச்சுக்கிட்டு, உங்க போட்டோவையும் எடுத்துட்டுப் போயிட்டாங்கண்ணா, மனசுல வெச்சுக்காதீங்க, வந்து ஒரு வார்த்தை பேசித் தெளிய வெச்சிருங்கன்னேன். "போட்டோவை அழிக்கேல்லையோ?"ன்னு மட்டும் ரெண்டு தரம் கேட்டாரு. பாவம், அவருக்கும் மனசு சங்கடப்பட்டிருக்கும்.

இப்போ எங்கேன்னுதானே கேக்கறீங்க? சொல்றேன். யாருகிட்டயும் சொல்லக்கூடாது, உங்களுக்கு மட்டுந்தான்னு அடிச்சுச் சொல்லிட்டுத்தான் போனா. நீங்க வேத்தாளா என்ன. மாதா கோயிலுக்குப் பின்னால ஒரு சந்து இருக்குதாமா. அதுல கடைசி ஊடு, நீலக் கதவு. பூமணின்னு ஒரு அம்மா, அவங்க பையனையும் அதே நாள்ல ஏத்திட்டுப் போனாங்களாமா. ரெண்டு பொம்பளைங்க மட்டுந்தான் இருப்பாங்க. போயிக் கூப்புடுங்க. கையைப் புடிச்சு இழுத்தராதீங்க, பயந்துக்குவா. தூக்கத்துலகூட யாராச்சும் கையைப் புடிச்சா அலறி எந்திரிப்பா. நான் வாசல்லயே காத்திருக்கறேன்னு சொல்லுங்க. கோவமெல்லாம் இல்லைன்னு சொல்லுங்க. எனக்கு அவளை உட்டா யாருங்க இருக்கா.

போட்டோங்களா? வேற யாருக்காச்சும் அனுப்பியிருக்கறாளான்னா... தெரியலீங்களே. அனுப்புனா மகளுக்கு அனுப்பியிருப்பா. மக காலேஜுல படிக்கறா. பேருங்களா? மக பேரு...

மக பேரு எதுக்குங்க?

இல்லீங்க, சும்மா கேக்கறேன். அவளுக்கு இதுல என்ன இருக்குது. எந்தக் காலேஜுன்னு கேட்டு அதையும் எழுதணுங்களா? நீங்க எந்த ஊருன்னு சொல்லவே இல்லையே. நானே பேசிட்டு இருக்கறேன், உங்க பேருகூட நான் கேக்கலை பாருங்க.

எந்திரிச்சிட்டீங்க. டீ வந்துருச்சு, ஒரு வாய் குடிச்சிட்டு... சரிங்க. இருங்க, நானும் வர்றேன். செருப்பு மாட்டிக்கறேன். நான் வந்து நின்னா அவ வந்துருவாளுங்க, என்மேல அவளுக்குக் கோவம் ரொம்ப நேரம் நிக்காது. வண்டியில எடமில்லீங்களா? எங்கே, அந்தக் கறுப்புக் கண்ணாடி போட்ட வேனா? அத்தாப் பெரிய வண்டியாச்சுங்களே, கதவைத் தொறங்க பாப்பம்... உள்ளே ஆளுக இருக்கறாங்களே. முன்னால ரெண்டு, பின்னால மூணு. ஏனுங்க, ஒரு பொம்பளையைச் சமாதானம் பண்ணிக் கூட்டியாரத்துக்கு எதுக்குங்க இத்தனை பேரு?

ஏனுங்க, உங்களைத்தானுங்க. நில்லுங்க. கதவைச் சாத்தாதீங்க. நான் மாத்திச் சொல்லிட்டனுங்க, அந்த ஊடு இல்லீங்க. மாதா கோயிலே இல்லீங்க. அது பிள்ளையார் கோயிலுங்க, அக்கட்டால, ஊருக்கு அந்தக் கடைசியில... பிள்ளையார் கோயிலுக்குப் பின்னாலங்க! பச்சைக் கதவுங்க!